தேரில் பின்னால் நின்றவன்

ஜூலை 22, செவ்வாய்

பேருந்து நிலைய நுழைவில் கட்டியிருந்த வரவேற்பு வளைவு இன்று மாலை சரிந்ததில், தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்கும் சந்தனமாரி என்ற பெண்ணின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. வயது நாற்பத்தொன்று. ரத்தப்போக்கு அதிகம். பிழைப்பாரா என்பதைக் காலையில்தான் சொல்ல முடியும். தகவல்: அரசு மருத்துவமனைப் பணி மருத்துவர், நேரில்.

நாற்பது வருடம் செய்தி எழுதிய பழக்கம், நாட்குறிப்பிலும் இப்படித்தான் வருகிறது. இருக்கட்டும்.

வளைவு நெடுங்கரை நகராட்சித் தலைவர் லிங்கத்துரைக்காகக் கட்டியது. சிறந்த நகராட்சிக்கான விருதைச் சென்னையில் வாங்கிக்கொண்டு நாளைக் காலை ரயிலில் வருகிறார். ஸ்டேஷனிலிருந்து திறந்த ஜீப்பில் ஊர்வலம். புதிதாகத் தார் போட்ட சாலை முழுக்க வரவேற்பு. இந்த வரவேற்புக்காகச் சாலையில் ஒரு குழிகூடத் தோண்டப்படவில்லை என்பது அறிவிப்பிலேயே இருந்தது. அந்த வாசகம் என்னுடையது.

சேர்மனின் உதவியாளர் பிரம்மநாயகம் போன் செய்தான்.

"அண்ணாச்சி, காத்துதான். ஆடிக் காத்து. நீங்க யாருகிட்டயும் எதும் பேசிராதீய."

வளைவு விழுந்தபோது நான் நகராட்சி அலுவலக மாடியில் சேர்மனின் நாளைய உரையை எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. மேசையில் தாள்கள் கிடந்தன, மேலே எடை எதுவும் வைக்கவில்லை. ஒரு தாள்கூட அசையவில்லை.

இதை அவனிடம் சொன்னேன்.

"அது உங்க ஜன்னல்ல அடிக்காத காத்து" என்றான்.

இவன் வயதில் நான் இப்படிப் பேசியவனை நாலு பத்தியில் கிழித்திருப்பேன்.

மனைவி ஆவுடை சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

ஜூலை 23, புதன்

சந்தனமாரி உயிர் பிழைத்தார். தகவல்: பிரம்மநாயகம், மருத்துவமனையுடன் போனில் பேசி, ரயில்வே ஸ்டேஷன் வாசலில், என் காது கேட்க.

அந்த வாசலில் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

சேர்மன் ஜீப்பில் ஏறி நின்றுவிட்டார். கழுத்தில் மாலை. நெற்றி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பி, வியர்வையில் குங்குமம் கன்னத்துக்கு இறங்கி முகமே சிவந்திருந்தது. நையாண்டி மேளம் தயார். ஆனால் ஜீப் கிளம்பவில்லை. பிரம்மநாயகம் போனைக் காதில் வைத்தபடி கை காட்டி நிறுத்தியிருந்தான். அந்தப் பெண் செத்திருந்தால் ஊர்வலம் ரத்து, இரங்கல் அறிக்கை. இருந்தால் ஊர்வலம். அத்தனை பேரும் அதற்காகத்தான் வெயிலில் காத்து நின்றோம். பொதிகை மலைப் பக்கம் மேகம் நல்லாக் கூடுகிறது என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆபரேசன் முடிஞ்சு வெளிய கொண்டாந்துட்டாவளாம். உசுரு இருக்கு" என்றான் பிரம்மநாயகம்.

"அப்ப கெளம்புங்க" என்றார் சேர்மன்.

மேளம் அடித்தார்கள். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதுதான் என் இடம்.

அந்த இடம் எப்படி வந்தது என்பதையும் எழுதுகிறேன். சித்திரையில் ஞாயிறு மலரில் ரோமாபுரியின் வெற்றி ஊர்வலம் பற்றி எழுதியிருந்தேன். வென்று வந்த படைத்தலைவன் நாலு குதிரை பூட்டிய தேரில் வருவான். ஊர் முழுக்க அவன் பெயரைக் கூவும். அவனுக்குப் பின்னால் ஓர் அடிமை நின்று, 'நீ மனிதன்தான், மறந்துவிடாதே' என்று காதில் சொல்லிக்கொண்டே வருவான். மறுநாள் காலையிலேயே சேர்மன் கார் அனுப்பினார்.

"அண்ணாச்சி, வாசிச்சேன். எனக்கு அப்படி ஒரு ஆளு வேணும். சுத்தி இருவது பேரு இருக்கான், இருவதும் ஆமா போடுதான். நீங்க ரிட்டயர்டு ஆன மனுசன், யாருக்கும் பயப்பட மாட்டீய. பின்னால உக்காந்து உள்ளத உள்ளபடி காதுல சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அதான், நீ மனுசன்தாம்லேன்னு."

அன்றிலிருந்து அவருடைய காரில் அவர் முன்சீட்டிலும் நான் அவருக்கு நேர் பின்னாலும். தினமும் கார் கிளம்பும்போது, "சேர்மன், நீங்க மனுசன்தான்" என்பேன். அவர் சிரிப்பார். வந்தவர் போனவரிடமெல்லாம், "இவியதான் என்னையக் கீழ எறக்கி வைக்கிறவிய" என்று அறிமுகப்படுத்துவார். கலெக்டரிடம்கூடச் சொன்னார். கலெக்டர் என் கையைக் குலுக்கினார்.

ஆவுடை முதல் நாளே சொன்னாள்: "ஏங்க, அந்த ரோமாபுரிக்காரன் அடிமையில்லா?"

இன்று ஜீப் நகர்ந்ததும் சேர்மன் திரும்பாமலே சொன்னார். "அண்ணாச்சி, வழக்கமா சொல்லுறத சொல்லுங்க. செல்போன்ல எடுக்காவ."

சொன்னேன். மூன்று போன்களில் பதிவானது. மதியத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. சேர்மனின் பணிவைப் பாராட்டி எனக்கே இரண்டு பேர் அனுப்பினார்கள்.

ஜூலை 24, வியாழன்

வளைவு விழுந்ததும் முதலில் செய்யப்பட்ட வேலை, பிளக்சிலிருந்து சேர்மனின் முகத்தை அறுத்து எடுத்தது. சந்தனமாரியின் கால்மேல் கம்பம் கிடந்தபோதே இது நடந்தது. தகவல்: டீ மாஸ்டர் கோலப்பன், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்.

கோலப்பன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பொம்பள கெடந்து கத்துதா அண்ணாச்சி. நான் கம்பத்தத் தூக்க ஓடுனேன். நம்ம வார்டுக்காரன் ஒருத்தன் என் சட்டையப் புடிச்சு இழுக்கான். 'இருவே, எவனாவது போட்டோ எடுத்துருவான், மொத படத்த எடு'ங்கான். பழம் நறுக்குத கத்தி வண்டியில இருந்துல்லா, அவ கத்திதான், அத வச்சே அறுத்தானுவ. மூஞ்சி மட்டும். வட்டமா. சுருட்டிக் கக்கத்துல வச்சுட்டுப் பொறவுதான் கம்பத்தத் தூக்க வந்தானுவ."

"எவ்வளவு நேரம்?"

"நான் என்ன வாட்சையா பாத்தேன்? அவ சத்தம் நின்னு போச்சு. அதுதான் தெரியும்."

பதவி போன மன்னனின் முகத்தை ரோமில் சிலையிலிருந்து செதுக்கி எடுப்பார்கள். கல்வெட்டில் பெயரைச் சுரண்டுவார்கள். வாழ்க என்று கூவியவர்களே மறுநாள் கயிறு கட்டிச் சிலையை இழுப்பார்கள். மனிதன் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறான் என்பதற்கு உதாரணமாக இதை முன்பு எழுதியிருக்கிறேன். அங்கே விழுந்தவனின் முகத்தை அழித்தார்கள். இங்கே விழக் கூடாதவரின் முகத்தைக் காப்பாற்றினார்கள், ஒரு பெண்ணின் காலைப் பத்து நிமிடம் கம்பத்தின் அடியில் விட்டுவிட்டு. பத்து நிமிடம் என்பது உறுதியில்லை. அதை எடுத்துவிடலாம். மற்றது உறுதி.

நேரில் போய்ப் பார்த்தேன். துணி, கம்பு, குழிக்குப் பதிலாகக் கம்பை நட்டிருந்த மண் டிரம் எதுவும் இல்லை. சாலையைக் கழுவியிருந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் நகராட்சியின் தடுப்பு வைத்திருந்தது.

தார் பளபளவென்று இருக்கிறது. ஒரு குழி இல்லை.

ஜூலை 25, வெள்ளி

குடிநீர் வந்தது. அடுத்து வர ஆறேழு நாளாகும். ஆவுடை குழாயைக் கையில் கொடுத்து டிரம்மை நிரப்பச் சொன்னாள். குடங்களை மட்டும் நிரப்பினேன். கத்தினாள்.

ஜூலை 27, ஞாயிறு

ஞாயிறு மலரில் என் ரோமாபுரித் தொடர் வரவில்லை. தகவல்: கையில் இருக்கும் நாளிதழ்.

பொறுப்பாசிரியருக்குப் போன் செய்தேன். நான் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த பையன் என்று ஊருக்குச் சொல்வான். "சார், ரோமாபுரி பிரமாதம். இந்த வாரம் கோயில் கொடைவிழா விளம்பரம் கூடிப்போச்சு" என்றான். ஏழாம் பக்கத்தில் முக்கால் பக்கம் கொடைவிழா விளம்பரம் இருந்தது. மிச்சக் கால் பக்கத்தில் சேர்மனின் ஊர்வலப் படம். பின்னால் நான் நிற்கிறேன். மாலை என் முகத்தைப் பாதி மறைக்கிறது.

அச்சில் வராததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சித்திரையில் அந்த ஊர்வலம் பற்றி எழுதியபோது தேரை எழுதினேன். கடவுள் சிலைக்குப் பூசுகிற சிவப்பைத் தலைவன் முகத்தில் பூசுவதை எழுதினேன். அவனுடைய வீரர்களே அவனைக் கேலி செய்து பாடிக்கொண்டு வருவதையும், அன்றைக்கு மட்டும் அதற்குத் தண்டனை கிடையாது என்பதையும் எழுதினேன். கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிக்கிறவர்களுக்கு ஏன் என்று நினைத்தேன்.

ஊர்வலம் குன்றின்மேல் கோயில் வாசலில் போய் நிற்கும். பலி உடனே நடக்காது. கீழே ஒரு சிறை உண்டு. தோற்ற நாட்டின் தலைவனை ஊர்வலத்திலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோயிருப்பார்கள். அவனைக் கொன்றாயிற்று என்று செய்தி மேலே வர வேண்டும். அதுவரை எல்லோரும் காத்து நிற்பார்கள். செய்தி வந்ததும் கூட்டம் ஆரவாரம் செய்யும். பிறகுதான் பலி, விருந்து.

அந்தக் காத்திருப்பில், பின்னால் நின்றவன் என்ன சொன்னான்? நான் படித்த எதிலும் இல்லை. அவனுக்குக் கொடுத்திருந்தது ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் முழுக்க முழுக்கத் தலைவனைப் பற்றியது. கீழே கழுத்தில் கயிறு விழுகிறவனைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. நீ மனிதன்தான் என்று கேட்கக் கேட்கத் தலைவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? இதைக்கூடக் கேட்டுக்கொள்கிற நான் எவ்வளவு பெரியவன் என்றுதான் தோன்றியிருக்கும்.

இதை ஞானம் என்று நாலு மாதமாக வாராவாரம் விற்றிருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

வளைவு விபத்து குறித்துச் சார் ஆட்சியர் விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறார். நேரில் தெரிந்தவர்கள் ஆகஸ்ட் 7 வரை வாக்குமூலம் கொடுக்கலாம். தகவல்: அவருடைய அலுவலக அறிவிப்புப் பலகை.

காலையில் சேர்மன் வீட்டுக்குப் போனேன். வழக்கமான கூட்டம். மருமகனுக்கு வேலை, பட்டா, பள்ளிக்கூட அட்மிஷன். எல்லோரும் ஊர்வலத்தைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் நான் பார்க்கப் பார்க்க, "அந்தப் பொம்பள வண்டிய எங்கன கொண்டு நிறுத்தணும்னு ஒரு வெவரம் வேண்டாமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் தினமும் அவளிடம் பப்பாளி வாங்கித் தின்பவர்கள். ரோமில் பெரிய மனிதர்கள் வீட்டு முற்றத்தில் இப்படித்தான் விடியும் முன்பே வந்து நின்று வணக்கம் சொல்வார்களாம். அவர்களை எனக்குத் தெரியாது. இவர்களைத் தெரியும்.

சேர்மன் உள்ளே கூப்பிட்டார். பிரம்மநாயகம் அறிக்கை எழுதி வைத்திருந்தான். எதிர்பாராத சூறைக்காற்று; ஆக்கிரமிப்புத் தள்ளுவண்டி பந்தக்காலை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது; ஆனாலும் மனிதாபிமான அடிப்படையில் சேர்மன் சொந்தப் பொறுப்பில் மருத்துவ உதவி.

"அண்ணாச்சி, ஒரு பார்வ பாத்துருங்க" என்றார் சேர்மன். "இதுதான் சப்-கலெக்டருக்கும் போவுது. காத்துன்னு ஆயிட்டா யாருக்கும் ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணுக்கும் நான் செய்வேன். ஆனா வண்டிய அந்த எடத்துல இனிமே விட முடியாது பாத்துக்கிடுங்க. விட்டா, நம்ம மேலதான் தப்புன்னு ஆவும்."

அப்படியானால் காலும் போய், நின்ற இடமும் போய், குற்றமும் அவள் தலையில்.

"ஜன்னல் திறந்துதான் இருந்தது சேர்மன். காத்து இல்லை" என்றேன்.

"மாடியில இருந்திருக்காது" என்றார், அவரும்.

'சூறைக்காற்று' என்பதில் ஒற்று விட்டிருந்தான். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

சந்தனமாரியின் கால் இன்னும் எடுக்கப்படவில்லை. பாதத்தில் ரத்த ஓட்டம் குறைவு. ஆகஸ்ட் 11 வரை பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். தகவல்: எலும்பு முறிவுப் பிரிவு மருத்துவர்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். பக்கத்தில் அவளுடைய அக்கா சண்முகக்கனி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கணவர் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார்; ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். லீவு இல்லை.

என்னைப் பார்த்ததும் சந்தனமாரி சிரித்தாள். "பப்பாளி வாங்க இவ்வளவு தூரம் வந்தியளா சார்?"

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கால் இருக்கு. இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியல, டாக்டருதான் தட்டிப் பாத்துச் சொல்லுதாரு."

"ஏட்டி, சும்மா கெட" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "நீங்கதான டிவியில சேர்மனுக்குப் பின்னால நின்னீய? அவிய அனுப்புனாவளா? என்னத்துல கையெழுத்து வேணும்?" என்றாள்.

எதிலும் கையெழுத்து வேண்டாம், நான் பத்திரிகைக்காரன் என்றேன். சார் ஆட்சியர் விசாரணை பற்றிச் சொன்னேன். காற்று என்றும் ஆக்கிரமிப்பு என்றும் எழுதப் போகிறார்கள் என்றேன்.

சந்தனமாரியின் சிரிப்பு போய்விட்டது. "ஆக்கிரமிப்பா? பதினோரு வருசமா அங்கனதான் நிக்கேன். அந்த டிரம்மக் கொண்டாந்து என் வண்டியில முட்டுத மாதிரி வச்சது அவனுவ. தள்ளி வைங்கன்னேன். மண்ணு பாதிதான் இருந்து அதுல, ஆட்டிப் பாத்தேன், ஆடிச்சு. பந்தக்காரன்ட்டச் சொன்னேன். 'எனக்கும் தெரியும்கா, குழி தோண்டக் கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாவ'ன்னான்."

பந்தல்காரர் இப்போது அப்படி எதுவும் தெரியாது என்கிறார். நான் கேட்டேன். அவருக்கு நகராட்சி வேலை வேண்டும்.

இவள் சொல்வதை மட்டும் வைத்து விசாரணையில் நிற்காது. அடிபட்டவள் அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். பந்தல்காரர் அந்த டிரம் பற்றிச் சேர்மனிடமே போனில் பேசினார், நான் காரில் இருந்தேன், என் காதால் கேட்டேன், இதை விசாரணையில் சொல்வேன் என்றேன். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது.

அக்கா விசிறுவதை நிறுத்தினாள்.

சந்தனமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டிக்குள்ளயா இருந்தீய?"

"ஆமா."

"சேர்மனுக்கு நல்லது கெட்டது சொல்லுறதுக்குத்தான உங்களப் போட்டிருக்குன்னு பேசிக்கிடுதாவ?"

"ஆமா."

"அப்ப நீங்க என்ன சொன்னீய சார்?"

மழை வருவது போல இருந்தது. கிளம்பிவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

மழை பெய்யவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பந்தல்காரர் போன் செய்த அன்று காரில் இருந்தது மூன்று பேர். சேர்மன், நான், டிரைவர் நயினார். நயினாரை அவன் வீட்டில் போய்ப் பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, நான் ரோட்டத்தான் பாப்பேன். வண்டிக்குள்ள பேசுறத என்னைக்கும் கேட்டது கெடயாது."

"ஸ்பீக்கர்லதானவே பேசுனாரு?"

"ஸ்பீக்கரு உங்க காதுக்கும்தான வச்சிருந்து?" என்றான். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "என்னைய ஒண்ணும் கேக்காதீய. உங்களப் பத்தியும் நான் எதும் சொல்ல மாட்டேன். அது போதும்லா?" என்றான்.

அவன் எனக்கு உதவி செய்வதாக நினைத்தான். கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

கோலப்பன் கடையில் டீ குடித்தேன். ஒருவரும் சந்தனமாரியைப் பற்றிப் பேசவில்லை. சேர்மனுக்கு அடுத்த தேர்தலில் சட்டமன்ற சீட் உறுதியாம். அதைத்தான் பேசினார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் நான் சேர்மனின் காரில் ஏறுவதில்லை. தகவல்: நான். சேர்மனும் இதை உறுதி செய்வார்.

காலையில் போய், டிரம் பற்றி விசாரணையில் சொல்லப் போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது என்று நினைத்தேன். பிரம்மநாயகத்தை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முதலில் கோபப்படவில்லை.

"குழி தோண்டக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னது அண்ணாச்சி?"

நான்தான். கோர்ட் அபராதம் போடும், பத்திரிகையில் நாறடிப்பார்கள், அவருக்குக் கெட்ட பெயர் வரும் என்று ஆனி மாதமே சொன்னேன். தேரில் பின்னால் நின்று நான் சொன்ன ஒரே உருப்படியான சொல் அதுதான். அவர் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது.

"சரி. பந்தக்காரன் டிரம்மு தாங்காதுன்னான். நான் என்ன செஞ்சேன்? திரும்பி உங்களக் கேட்டேனா இல்லியா?"

சாத்திய கதவைப் பார்த்தேன்.

அப்போதுதான் அவர் குரல் மாறியது. "இருவது பேரு ஆமா போடுதாம்னுதானவே உம்ம கூட்டிட்டு வந்தேன்? ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேனே, இவரு பயப்படாத மனுசன்னு! நான் கேட்டேன்லா? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீருன்னா நான் ரோட்ட வெட்டியிருப்பேன். இல்ல ஆர்ச்சே வேண்டாம்னிருப்பேன். நீரு இருவத்தொண்ணாவது ஆளுவே. போயிச் சொல்லும். முழுசாச் சொல்லும்."

அவர் வெட்டியிருக்க மாட்டார். அந்தத் தாரில் அவர் பெயர் போட்ட பலகை நிற்கிறது. வெட்டியிருக்க மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

உறுதி என்று எழுதிவிட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தானே இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நாலு மாதம் கழித்து அந்தச் சாலையில் நடக்கிறேன். இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். அதற்குள் சேதி தெரிந்துவிட்ட மூன்றாவது ஆள் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சார் ஆட்சியர் அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். இரண்டு பக்கம். ஜூலை 17 அன்று காரில் பந்தல்காரர் போனில் சொன்னதும், சேர்மன் 'டிரம்மே வையும்' என்றதும். விபத்தன்று காற்று இல்லை என்பதும், முகம் அறுக்கப்பட்டதும்.

எழுத்தர் வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்ல தெளிவா இருக்கு சார்" என்றார்.

அந்த இரண்டு பக்கத்தில் ஒரு பொய்கூட இல்லை. நாற்பது வருடத்தில் நான் எழுதிய சிறந்த செய்திகளும் இப்படித்தான் இருந்தன. எதை விட்டுவிட்டேன் என்று யாரும் கேட்டதில்லை.

மாலையில் ஆவுடை இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே கேட்டாள். "எல்லாத்தயும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப ஏன் அந்த டிரம்ம இன்னும் காலியாப் போட்டு வச்சிருக்கீங்க?"

அவள்மேல் எரிந்து விழுந்தேன். தண்ணீர் இல்லாமல் இவள் ஒரு வாரமாகப் பக்கத்து வீட்டில் கடன் குடம் வாங்குகிறாள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

உறுதியானது:

ஜூலை 17, வியாழன் காலை, நகராட்சித் தலைவரின் கார் நெடுங்கரைப் பேருந்து நிலையத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, பந்தல்காரர் போனில், "டிரம்மு தாங்காது சேர்மன், காத்து மாசம். அங்கன ஆளு நடமாட்டம் ஜாஸ்தி, ஒரு பொம்பள வண்டி வேற நிக்கி" என்று கூறினார். தலைவர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "என்ன அண்ணாச்சி, என்ன சொல்லுதீய?" என்று கேட்டார். பின்சீட்டில் இருந்தவர் ஜன்னல் வழியாக அந்த வண்டியைப் பார்த்தார். பப்பாளி அடுக்கியிருந்தது. "ஒரு நாளுதான சேர்மன்" என்றார். தலைவர் போனில், "டிரம்மே வையும்" என்றார். அதன் பிறகு காரில் மூவரும் சிரித்தார்கள்; எதற்கு என்பது நினைவில்லை.

தகவல்: பின்சீட்டில் இருந்தவர்.

இதை அப்படியே ஒரு தாளில் எழுதி, 'பின்சீட்டில் இருந்தவர்' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதி, கூடுதல் வாக்குமூலமாகச் சார் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாக்குமூலம் கொடுக்கக் கடைசி நாள் இன்று. எழுத்தர் வாசித்தார். இந்த முறை தெளிவாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "சார், இது தேவையா? நீங்களும்லா மாட்டுவீய" என்றார்.

"முத்திர குத்தும்வே" என்றேன்.

வரும் வழியில் பொறுப்பாசிரியர் போன் செய்தான். ரோமாபுரித் தொடரை நிறுத்திக்கொள்ளலாம் என்று நிர்வாகம் நினைக்கிறதாம். நல்லது. அங்கே பின்னால் நின்றவனின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவனுக்கு வாய் திறக்கும் உரிமை அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இருந்தது, அதைத் தாண்டினால் சவுக்கு. எனக்குச் சவுக்கு இல்லை. கையில் டீ டம்ளரும் முதுகுக்கு மெத்தையும் ஏசியும் இருந்தன.

குடிநீர் வந்தது. டிரம்மைக் கழுவி நிரப்பினேன்.

நிலுவையில் இருப்பவை:

சந்தனமாரியின் பாதம் தங்குமா, எடுக்க வேண்டுமா என்ற முடிவு. திங்கள், 11ஆம் தேதி.

சார் ஆட்சியரின் அறிக்கை. வியாழன், 14ஆம் தேதி. அதில் காற்று என்று இருக்குமா, எங்கள் பெயர்கள் இருக்குமா என்பது தெரியாது.

தள்ளுவண்டி மறுபடி அதே இடத்தில் நிற்கலாமா என்பது அந்த அறிக்கைக்குப் பின் கூடும் நகராட்சிக் கூட்டத்தில். தேதி அறிவிக்கப்படவில்லை.

'நீங்க என்ன சொன்னீய சார்?' என்று அந்தப் பெண் கேட்டதற்குப் பதில். நாளை, பார்வையாளர் நேரம், மாலை நான்கு மணி.